பசியில்லாத் தீனி

பசி வேறு, தின்னும் வழக்கம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது அங்கத்தினர்களின் உடல்நலத்துக்கு மட்டுமன்று, அவர்தம் வரவு செலவுக்கும் இன்றியமையாதது என்பது நம் கருத்து.

குயிலாப்பாளையத்தில் மாலை நான்கு மணிக்குத் தேநீர்க் கடையைச் சுற்றி நிற்போரை நோக்குங்கள். பகலுணவு உண்டு இரண்டு மணி நேரமே ஆனவர் அவர்களுள் பலர். அவர்களை அழைத்து வந்தது வயிறன்று; பொழுதும், வடைச் சட்டியின் மணமும், உடன் வந்த தோழருமே. வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் விடியுமுன் இறங்கி உழைப்போர் நிலை வேறு. அவர்கள் கொள்ளும் தேநீரும் வடையும் பல நாட்களில் காலையுணவேயாகும். அதனை வீண் செலவென்று இகழ்வார் அவ்வுழைப்பை அறியார்.

நாம் கூற வந்தது நிழலில் அமர்ந்து தொழில் செய்வோரைப் பற்றியது. காலை முதல் தறியில் அமர்ந்து, அறுந்த இழைகளைப் பிணைத்துக் கண் சோர்ந்தவர் சற்றே எழுந்து நடக்க விரும்புகிறார். ஓய்வு வேண்டுமென்று சொல்ல நாணம். டீ குடித்து வருவதாகச் சொன்னால் எவரும் ஏனென்று கேளார். ஓய்வுக்கு உரிய அனுமதிச் சீட்டாக வடை ஆகிவிடுகிறது. இன்று நண்பர் காசு கொடுத்தால் நாளை நாம் கொடுக்க வேண்டும். இதுவும் மொய் போன்றதே. எழுதி வைப்பதில்லை, ஆயினும் ஒருவரும் மறப்பதில்லை.

உளநூலார் இதனைச் சோதித்தும் கண்டுள்ளனர். 1998-இல் பால் ரோசின் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்று வியப்புக்குரியது. நடந்ததை உடனே மறக்கும் நோயுற்ற இருவருக்கு உணவளித்து, அரை மணிக்குள் மீண்டும் அளித்தபோது அவர்கள் மறுபடியும் உண்டனர். உண்டோம் என்னும் நினைவும் நம் கையை நிறுத்துகிறது என்பது இதனால் விளங்கும். 2011-இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், படக்கொட்டகையில் சோளப்பொரி தின்று பழகியோர், ஒரு வாரம் பழைய பொரியையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தனர். கூட்ட அறையில் தந்தபோதோ அவ்வாறு தின்னவில்லை. சுவையைவிட இடமே அவர்களைத் தின்னச் செய்தது.

ஒருவர் நாள்தோறும் ரூ. 30 இவ்வழியில் செலவிடுவதாகக் கொள்வோம். மாதம் 25 நாளுக்கு ரூ. 750, ஆண்டுக்கு ரூ. 9,000. சேமிப்புத் திட்டத்துக்காகக் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிப்பதை எண்ணி முணுமுணுக்கும் நெசவாளர், இதனை முணுமுணுப்பின்றிக் கொடுக்கிறார்!

விவசாயிகள் செய்வதோ இன்னும் விந்தை. மல்லாட்டை முழுவதையும் திண்டிவனம் விற்பனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்குப் பாமாயிலில் பொரித்த பொட்டலங்களைக் காசு கொடுத்து வாங்குகின்றனர். 100 கிராம் மல்லாட்டைப் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. உருளைக்கிழங்கு வறுவலில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வந்த விருந்தினர்க்கு வேகவைத்த மல்லாட்டையை வைப்பது மதிப்புக் குறைவென்று எண்ணுவதும் ஒரு காரணம்.

இனித் தின்னேன் என்று சபதம் செய்வதால் பயன் குறைவு. நேரத்தையும் இடத்தையும் மாற்றுவதே எளிது. நான்கு மணிக்குத் தறியை விட்டு எழுக, தோழருடன் நடக்க, கடையிருக்கும் தெருவை விடுத்து வேறு தெருவில் நடக்க. புதுப் பழக்கம் ஊன்றச் சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாளும் ஆகும் என்பது 2009-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றின் கணிப்பு. ஆகவே பதினைந்தாம் நாளில் மனந்தளர வேண்டுவதில்லை. அதற்கு முன்னர், ஒரு மாதத்துக்குச் சிறு நோட்டொன்றில் மூன்று செய்திகளைக் குறித்து வருக: தின்ற நேரம், உடனிருந்தவர், அப்போது பசித்ததா இல்லையா. செலவுத் தொகையைக் கடைக்காரர் குறித்து வைத்திருப்பார்.