சர்வரை நிறுத்தினால் பாதி வேலை தொங்கக் கூடாது

புது வெர்ஷன் ஏற்றுவதற்காகப் பழைய சர்வரை நிறுத்தச் சொன்னால், சிஸ்டம்டி முதலில் அனுப்புவது சிக்டெர்ம், எண் 15. சி நிரலில் அதைக் கையாள ஏற்பாடு இல்லையென்றால் கர்னல் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். கையாண்டால் அவகாசம் கிடைக்கும். மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் சிஸ்டம்டியில் 90 விநாடி, குபர்னெட்டிஸில் 30, டாக்கரில் 10. அதற்குப் பிறகு வருவது சிக்கில், எண் 9. அதைப் பிடிக்க வழியே இல்லை.

முதலில் சிக்டெர்முக்கான ஹேண்ட்லரைப் பதிவு செய்யுங்கள். பழைய சிக்னல் ஃபங்ஷன் வேண்டாம், அதன் நடத்தை யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் மாறும். சிக்ஆக்ஷன் போடுங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சிக்இன்ட்டுக்கும் அதே ஹேண்ட்லர் போதும். சிக்பைப்பைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இணைப்பை மூடிவிட்டுப் போன ஒரே கிளையன்ட் சர்வரையே சாய்த்துவிடும்.

ஹேண்ட்லருக்குள் என்ன எழுதுவது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'நிறுத்துகிறேன்' என்று ஒரு பிரிண்ட்எஃப் போடக் கை துறுதுறுக்கும். நானும் போட்டிருக்கிறேன். பல த்ரெட்கள் ஓடும் சர்வரில் ஒரு த்ரெட் நினைவகம் ஒதுக்கும் மேலாக்கின் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் சிக்னல் அதன் மேலேயே வந்து விழுகிறது. பிரிண்ட்எஃப் உள்ளுக்குள் மேலாக்கை அழைத்தால் அதே பூட்டுக்காகக் காத்திருக்கும். பூட்டை விட வேண்டிய ஆளோ ஹேண்ட்லர் திரும்பும் வரை நகர முடியாது. சர்வர் உறைந்துவிடும். ஆயிரம் தடவையில் ஒரு தடவை நடப்பதால் சோதனையில் சிக்கவும் சிக்காது.

சரி, ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு வரலாமே? அதிலும் ஓட்டை உண்டு. சர்வரின் லூப் கொடியைப் பார்க்கிறது, பூஜ்யம். இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் 'போல்' அழைப்புக்குள் நுழையுமுன் சிக்னல் வருகிறது, கொடி ஏறுகிறது. ஆனால் 'போல்' தூங்கப் போய்விடுகிறது, அடுத்த கிளையன்ட் தட்டும் வரை.

அதனால் ஒரு பைப் திறந்து, இரு முனைகளையும் நான்-பிளாக்கிங் ஆக்குங்கள். ஹேண்ட்லர் அதில் ரைட் மூலம் ஒரே ஒரு பைட் எழுதட்டும்; ரைட்டை அங்கே அழைக்கலாம், ஆபத்தில்லை. எர்நோவை முதலில் எடுத்துவைத்துக் கடைசியில் திருப்பி வையுங்கள். படிக்கும் முனையை, 'போல்' கண்காணிக்கும் பட்டியலில் சேர்த்தால் சிக்னலும் இன்னொரு இணைப்பு மாதிரி வந்து நிற்கும். லினக்ஸ் மட்டும் போதுமென்றால் சிக்னல்எஃப்டி இன்னும் சுலபம். த்ரெட்களை உருவாக்கும் முன்பே அந்தச் சிக்னல்களைத் தடுத்துவைக்க மறக்காதீர்கள்.

பைட் வந்ததும் லிசன் சாக்கெட்டை மூடுங்கள். கையில் இருக்கும் கோரிக்கைகளை முடியுங்கள், ஆனால் டாக்கரில் ஓடுகிறதென்றால் 8 விநாடிக்கு மேல் வேண்டாம். லாகைக் கொட்டிவிட்டுப் பூஜ்யத்துடன் வெளியேறுங்கள்.

பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது கில் கட்டளையால் சிக்டெர்ம் அனுப்பிச் சோதியுங்கள். ஷெல்லில் வெளியேற்ற எண் 143 என்று வந்தால் (128 + 15) உங்கள் ஹேண்ட்லர் ஓடவே இல்லை. டாக்கர் ஒவ்வொரு முறையும் சரியாக 10 விநாடி எடுத்தால் சிக்னல் நடுவிலிருக்கும் ஷெல்லோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். தொடக்க ஸ்கிரிப்டில் சர்வர் பெயருக்கு முன்னால் எக்ஸெக் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.