நாய்க்கு வயிறு கெட்டால் பொறுப்பதா, கிளம்புவதா?

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. தட்டில் மிஞ்சிய எலும்பும் கொழுப்பும் நாய்க்கு. திங்கள் விடிந்தால் வாசலில் வாந்தி, கொல்லையில் பேதி. உடனே வாந்தியின் நிறத்தை ஆராய உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் நாயைப் பாருங்கள்.

உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். ஈறே கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையின் உட்புறம் பார்க்கலாம். அடுத்து, தோள்பட்டைக்கு மேலே தோலை இழுத்து விடுங்கள். சட்டென்று படியாமல் நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. ஈறு வெளுத்திருந்தாலும், தோல் படியாவிட்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், கிளம்புங்கள்.

இரண்டும் சரியாக இருக்கிறது, கூப்பிட்டால் வாலாட்டி வருகிறது, நன்றாக வளர்ந்த நாய் என்றால் ஒரு நாள் பொறுக்கலாம். 12 மணி நேரம் சாப்பாடு வேண்டாம். பட்டினி போட மனம் வராதுதான்; ஆனாலும் வயிறு ஓயட்டும். குட்டிகளையும் சர்க்கரை நோயுள்ள நாய்களையும் இப்படிப் பட்டினி போடக் கூடாது. தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைக்காமல், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். வாந்தி நின்றதும் குழைய வடித்த சோற்றில், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து, நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் எந்நாளும் ஆகாது. நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைப்பவை அவை. பாலும் வேண்டாம், பேதி கூடும். இரண்டு மூன்று நாள் கழித்து வழக்கமான தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்.

நம் அலமாரி மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு விஷமாகலாம். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து.

24 மணி நேரத்தில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, எலி மருந்தோ சாக்லேட்டோ உலர்திராட்சையோ தின்ற சந்தேகம் என்றால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற மார்பு ஆழ்ந்த பெரிய நாய்களிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வெளிவரவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகும்; நள்ளிரவானாலும் வண்டியை எடுங்கள்.

தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்து, வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப்பேதியுமாகக் கிடந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே போங்கள். மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள்; தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். மருத்துவமனையில் குட்டியைத் தரையில் விடாதீர்கள், மற்ற குட்டிகளுக்கு எளிதில் தொற்றும். வீட்டுத் தரைக்கு பினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும்.