வெயிலும் மனித சுபாவமும்

கேள்வி: உஷ்ண தேசத்தார் சோம்பேறிகள், குளிர் தேசத்தார் உழைப்பாளிகள் என்று பழைய பூகோள நூலொன்று சாதிக்கிறது. பரீட்சையில் அப்படியே எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள், ஆனால் உங்கள் சித்தாந்தமாக அன்று, முடிந்துபோன ஒரு விவாதத்தின் சரித்திரமாக. ஜெர்மானியப் பேராசிரியர் ராட்சல் 1882-இல் தமது மானுட பூகோள நூலில் ஊன்றிய, சூழலே மனிதரை உருவாக்குகிறது என்ற கொள்கையின் வித்தை, லைப்சிக் சர்வகலாசாலையில் அவரிடம் பாடம் கேட்ட அமெரிக்க மாது எல்லன் செம்பிள், 1911-இல் வெளியிட்ட பெருநூலின் வாயிலாகத் தம் நாட்டில் விருட்சமாக்கினார். யேல் சர்வகலாசாலையின் ஹண்டிங்டனோ, கனெக்டிகட் ஆலைத் தொழிலாளரின் உற்பத்திக் கணக்கைச் சீதோஷ்ணத்தோடு ஒப்பிட்டு, நாடுகளின் நாகரிகத்துக்கு அறிஞர் பலரைக் கொண்டு மதிப்பெண்ணும் இடச் செய்து, 1915-இல் உலகப் படமே வரைந்துவிட்டார். அதில் உச்ச ஸ்தானம் வடமேற்கு ஐரோப்பாவுக்கும் அவர் வசித்த பிரதேசத்துக்குமே வாய்த்தது என்றால் நீங்கள் ஆச்சரியப்படப் போவதில்லை! ஏகாதிபத்தியம் கொழித்த அந்நாளில் இத்தகைய சாஸ்திரத்துக்கு வரவேற்பு குறையுமா?

இயற்கை சாத்தியங்களை அளிக்கிறதேயன்றிக் கட்டளையிடுவதில்லை என்ற பிரெஞ்சுக்காரர் விடால் டி லா பிளாஷின் மார்க்கத்தைத் தழுவி, லூசியன் பெப்வர் 1922-இலும், பண்பாடே நிலத்தின் தோற்றத்தை மாற்றுகிறது என்று அமெரிக்கர் கார்ல் சாவர் 1925-இலும் இக்கொள்கைக்கு எழுப்பிய ஆட்சேபங்களை இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் குறையாது.