மறுபக்கம் இல்லாத கடவுள்

அன்பு மகளுக்கு,

பிரசங்கத்திலும் பாட்டிலும் ஜெபத்திலும் கடவுளை ஒளி என்று ஓயாமல் சொல்கிறோமே, அதனால் கடவுளைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துவிடுகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். மகிமை, பிரகாசம், ஞானம் என்று வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் உனக்குப் போதவில்லை. எனக்கும் அவை போதா. மகிமையைச் சொல்ல இடியும் மலையும் கடலும் இருக்கின்றன; வேதாகமம் அவற்றையும் தாராளமாக எடுத்தாள்கிறது. ஆனால் யோவானின் முதலாம் நிருபம் கடவுள் இன்னார் என்று ஒரே சொல்லில் சொல்ல எடுத்துக்கொண்டவை இரண்டு: முதல் அதிகாரத்தில் ஒளி, நான்காம் அதிகாரத்தில் அன்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முதலாவதன் பொருள் பிடிபடும். நமக்குக் காட்டாமல் வைத்திருக்கும் இன்னொரு முகம் கடவுளுக்குக் கிடையாது. அவரோடு நடக்கிறவர்களும் அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. கிறிஸ்தவத்தில் ஒளி என்ற உருவகம் முதன்மையாகச் சொல்வது இதைத்தான் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். ஒப்புக்கொள்வதும் தள்ளுவதும் உன் விருப்பம்.

கடவுளை ஒளியாகப் பார்ப்பது எல்லாச் சமயத்திலும் இருப்பதுதானே என்று உன் தோழி கேட்டது நியாயம். குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்துக்கே ஒளி என்றுதான் பெயர். நம் வடலூரில் வள்ளலார் இறைவனை அருட்பெருஞ்ஜோதியாகக் கண்டார். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை, மறுப்பது நமக்கு அழகும் அல்ல. வள்ளலார் வடலூரில் முதலில் தொடங்கியது பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலை, 1867இல். ஜோதி வழிபாட்டுக்கான ஞானசபை 1872இல்தான் வந்தது. பசித்தவன் முகத்தைப் பார்க்காமல் ஜோதியைப் பார்த்துப் பயனில்லை என்று அவர் கருதினார் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி. ஆகவே இந்த உருவகம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நம் வேதம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

யோவானின் நிருபத்தைத் திறந்து வைத்துக்கொள். கடவுள் ஒளி, அவரிடம் இருள் என்பதே இல்லை என்று சொல்லி முடித்ததும், நாமாக இருந்தால் அந்த ஒளியின் அழகை வருணிக்கப் போயிருப்போம். யோவான் போகவில்லை. அடுத்த ஐந்து வசனங்களுக்குள் மூன்று முறை, நாம் இன்னின்னபடி சொல்லிக்கொண்டால் என்று ஆரம்பிக்கிறார். கடவுளோடு உறவு உண்டென்று சொல்லிக்கொண்டு இருளில் நடந்தால் பொய் சொல்கிறோம். நமக்குப் பாவமே இல்லை என்று சொன்னால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். பாவம் செய்யவே இல்லை என்று சாதித்தால் கடவுளைப் பொய்யராக்குகிறோம். மூன்றும் பொய்யைப் பற்றியவை என்பதைக் கவனி. ஒளிக்கு எதிரே அவர் நிறுத்துவது அறியாமையை அன்று, பொய்யைத்தான். இன்னொன்றும் உண்டு. ஒளியில் நடக்கிறவர்களுக்கு ஒருவரோடொருவர் ஐக்கியம் இருக்கும், பாவம் கழுவப்படும் என்று ஒரே மூச்சில் சொல்கிறார். அப்படியானால் ஒளியில் நடக்கிறவனுக்கும் கழுவ வேண்டிய அழுக்கு இருக்கிறது. அதை அவன் மூடி மறைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த அதிகாரத்தில், ஒளியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சகோதரனைப் பகைக்கிறவன் இன்னும் இருளில்தான் இருக்கிறான் என்று தீர்த்துச் சொல்லிவிடுகிறார். பரவசம், தரிசனம், கண்ணீர் எதுவும் அந்தப் பரீட்சையில் இல்லை. உண்மை பேசுகிறாயா, பக்கத்தில் இருப்பவனை நேசிக்கிறாயா என்ற இரண்டே கேள்விகள்தான்.

இதே பொருளைச் சுவிசேஷத்தில் ஒரு காட்சியாகவே பார்க்கலாம். தம்மை உலகத்துக்கு ஒளி என்று இயேசு சொல்வது யோவான் 8ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்தைய அதிகாரத்தின் பெரும்பகுதி எருசலேமின் கூடாரப் பண்டிகையில் நடக்கிறது. அந்தப் பண்டிகை இரவுகளைப் பற்றி யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறது. ஆலயத்தின் பெண்கள் பிராகாரத்தில் பொன் விளக்குத்தண்டுகளை நிறுத்துவார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு பொற்கிண்ணங்கள். ஆசாரியக் குலத்து இளைஞர்கள் எண்ணெய்க் குடத்தோடு ஏணியில் ஏறி அவற்றை நிரப்புவார்கள். ஆசாரியர்கள் உடுத்துக் கழித்த பழைய கால்சட்டைகளையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத் திரியாகப் போடுவார்கள். அந்த வெளிச்சம் படாத முற்றமே எருசலேமில் இருக்காது என்கிறது மிஷ்னா. அந்த வெளிச்சத்தில் ஒரு பெண் கோதுமையைப் பொறுக்கி எடுக்க முடியும் என்று அதற்கு விளக்கமாக எழுந்த தல்மூது சேர்த்துச் சொல்கிறது. விளக்கு நின்றது ஆலயத்தில். அதனால் கல்லும் தானியமும் பிரிந்து தெரிந்தது ஊர்ப்பெண்ணின் முறத்தில். ஒளி என்று இயேசு சொன்னபோது கேட்டவர்கள் மனத்தில் இந்த வெளிச்சம் இருந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. அண்ணாந்து பார்த்து வியப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. மற்றதெல்லாம் உள்ளபடி தெரிவதற்கு அது வேண்டும். உடனே வரும் 9ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார். பிறவியிலேயே பார்வை இல்லாதவன் முதலில் இயேசு என்கிற ஒரு மனிதர் என்கிறான், பிறகு தீர்க்கதரிசி என்கிறான், பிறகு கடவுளிடமிருந்து வந்தவர் என்கிறான், கடைசியில் பணிந்துகொள்கிறான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியே அவன் படிப்படியாக ஏறுகிறான். எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்ற பரிசேயர்கள் அதே வேகத்தில் இறங்குகிறார்கள்.

ஒளியைப் பற்றிய இந்தப் பேச்சு சபையின் விசுவாசப் பிரமாணத்துக்குள் வந்ததும் இதே காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரனும் ஒரு படைப்புதான் என்ற ஏரியஸின் போதனையை மறுத்து, குமாரன் ஒளியிலிருந்து வந்த ஒளி என்று எழுதிவைத்தார்கள். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் தம் எழுத்துகளில் சூரியனையும் அதன் கதிரையும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இரண்டையும் பிரிக்க முடியாது, கதிரில் தெரிவது சூரியனேதான் என்றார். தத்துவச் சண்டையாகத் தோன்றினாலும் ஏழை விசுவாசிக்கு அதில் பெரிய காரியம் இருக்கிறது. குமாரன் வெறும் படைப்பு என்றால், குஷ்டரோகியைத் தொட்ட கைக்குப் பின்னால் வேறு எண்ணம் கொண்ட ஒரு கடவுள் இருக்கக்கூடும் என்ற பயம் போகவே போகாது. இயேசுவிடம் கண்ட இரக்கம் பிதாவின் சொந்த இரக்கம் என்று அந்தப் பிரமாணம் உறுதி சொல்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இனி இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றைப் பார்ப்போம். சீனாய் மலையில் மோசே காரிருளுக்குள் நுழைந்தார், கடவுள் அங்கே இருந்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோனும் கடவுள் காரிருளில் வாசம்பண்ணுவதைப் பற்றிப் பேசுகிறார். நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்து ஆயர் கிரெகோரி மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, முட்செடியின் ஒளியில் தொடங்கி மேகத்தைக் கடந்து இருளில் முடியும் பயணமாக அதை விளக்கினார். நெருங்க நெருங்கக் கடவுள் நம் அறிவுக்குள் அடங்காதவர் என்பது தெளிவாகும் என்றார். நான் சொல்வதற்கு இது முரணாகாது. முழுவதும் புரிந்துகொள்ள முடியாதவராக இருப்பது வேறு, வஞ்சகமாக மறைத்து வைப்பது வேறு. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கடவுள் வாழ்வதை யாரும் கிட்ட முடியாத ஒளி என்கிறது. கிரெகோரி இருள் என்றதும் அதே எல்லையைத்தான். குறை நம் கண்ணின் அளவில் இருக்கிறது. துயரத்தின் இருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அதை வேதாகமத்திலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை. தன் இருட்டைக் கடவுள் முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிந்தவன் ஒளியில் நடக்கிறவன்தான். எனவே மனம் சோர்ந்த நாள்களில் உன் விசுவாசம் அணைந்துவிட்டதோ என்று நடுங்காதே.

அடுத்த தடை கனமானது. ஒளி நல்லது, இருள் கெட்டது என்று சொல்லிச் சொல்லியே கறுத்த தோலையும் பார்வையற்றவர்களையும் இழிவுபடுத்தவில்லையா? இழிவுபடுத்தியது உண்மை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா ஆப்பிரிக்காவை இருண்ட கண்டம் என்று அழைத்தது, அந்தப் பேச்சில் கிறிஸ்தவர்களும் கலந்துகொண்டார்கள். சால்வேஷன் ஆர்மியை நிறுவிய வில்லியம் பூத் 1890இல் எழுதிய நூலில் அதே அடைமொழியை இங்கிலாந்தின் தலையிலேயே திருப்பி வைத்தார்; லண்டன் சேரிகளின் பட்டினி கண்ணில் படாதவர்கள் தூரதேசத்து இருளைப் பற்றி என்ன பேசுவது என்பது அதன் உட்பொருள். வேதத்தைக் கேட்டால் அது இந்த இழிவுக்குத் துணை நிற்பதில்லை. ஆதியாகமத்தில் இரவுக்குப் பெயர் வைப்பவர் கடவுளே. இரவு அவருடைய சத்துரு அன்று. ஒளியும் இருளும் இரண்டு எதிர்ச் சாம்ராஜ்யங்கள் என்று மானி என்ற பழங்காலச் சமயக் குரு போதித்தார். அவரைப் பின்பற்றிய கூட்டத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்த அகஸ்டீன் பிறகு அதைவிட்டு வந்து, படைக்கப்பட்டதெல்லாம் நல்லதே என்று அதை எதிர்த்து எழுதினார். உன்னதப்பாட்டின் நாயகி தான் கறுப்பும் அழகுமானவள் என்று தானே சொல்கிறாள். பார்வையற்றவனைப் பற்றியோ, அவன் செய்த பாவமும் அன்று, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அன்று என்று இயேசுவே வாயை அடைத்துவிட்டார். யோவானின் நிருபத்தில் இருள் என்பது பொய்யும் பகையும் மட்டுமே. அதை ஒரு ஜாதியின் மேலோ நிறத்தின் மேலோ உடற்குறையின் மேலோ ஏற்றுகிறவர் யாராக இருந்தாலும், பிரசங்க பீடத்தில் நின்றாலும், அவரைத் திருத்தத் தயங்காதே.

உன் மனத்தில் முள்ளாக இருப்பது கடைசித் தடைதான் என்பது கடிதத்தின் பின்பாதியைப் படித்தபோது தெரிந்தது. ஒளியைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களே சபைக் கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், தவறு செய்த ஊழியரை ஊர் மாற்றி அனுப்பிக் காரியத்தை மூடுகிறார்கள், பிறகு அந்தப் பேச்சை எப்படி நம்புவது என்கிறாய். நம்பாதே என்றுதான் யோவானும் சொல்கிறார். சொல்லிக்கொள்வதும் நடப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் ஒளி இல்லை என்று அவரே எழுதிவிட்டபடியால், அவர்களைக் காட்டி அவரைத் தள்ள முடியாது. அவரை வைத்துத்தான் அவர்களை அளக்க முடியும். சபையின் நற்பெயரைக் காப்பாற்றவே மறைக்கிறோம் என்பார்கள். கடவுள் ஒளியாக இருந்தால், மறைத்துக் காப்பாற்றும் பெயர் அவருக்குத் தேவைப்படாது. உலகத்துக்கு ஒளி என்ற அந்தப் பேச்சை இயேசு பேசிய இடம் காணிக்கைப் பெட்டி இருந்த இடம் என்று யோவான் குறித்து வைத்திருப்பதையும் அவர்களுக்கு நினைவூட்டு.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் அம்பலப்படுத்துவது ஒளி என்று எண்ணிவிடாதே. அன்பு திரளான பாவங்களை மூடும் என்றும் அதே வேதம் சொல்கிறது. காயப்பட்டவளின் மானத்தைக் காக்க மூடுவது அன்பு; காயப்படுத்தியவனின் பதவியைக் காக்க மூடுவது இருள். ஒருத்தி உன்னிடம் அழுது சொன்னதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இருள்தான். எதிரே வருகிறவன் முகத்தில் டார்ச் அடித்தால் அவன் கண் கூசும், வழி யாருக்கும் தெரியாது. காலடியில் அடித்தால் இருவருக்கும் தெரியும். சாத்தானும் ஒளியின் தூதனாக வேஷம் போடுவான் என்று பவுல் எச்சரிப்பதை இந்த இடத்தில் வைத்துப் படி. உண்மையைச் சொல்லும் சாக்கில் பகையைத் தீர்த்துக்கொள்ளும் ஆசை நல்லவர்களுக்குத்தான் முதலில் வரும்.

அதனால் மூன்று காரியம் செய். யோவானின் முதலாம் நிருபத்தை, ஐந்தே அதிகாரம்தான், ஒரே அமர்வில் படித்து, பொய் என்றும் பகை என்றும் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு வை. வாலிபர் சங்கப் பணம் உன் பொறுப்பில் இருப்பதால், வரவுசெலவை யாரும் கேட்பதற்கு முன் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டு. விட்டுப்போன ரசீது இருந்தால் அதையும் மறைக்காமல் குறி. அதற்குப் பிறகு சபைக் கமிட்டியிடம் கணக்கைக் கேள். மரியாதையாக, எழுத்தில், உன் பெயரைப் போட்டுக் கேள். பதில் வரத் தாமதமானால் மறுபடி கேள். உன்னைக் கலகக்காரி என்பார்கள், சொல்லட்டும். அவர்களில் ஒருவர் நோயாகப் படுத்தால் முதலில் போய்ப் பார்க்கிறவளும் நீயாக இரு. இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் யோவானின் பரீட்சையில் பாதி மதிப்பெண் கிடையாது, முழுத் தோல்விதான்.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா