சொல் சிதையா நிரல்மொழி

நுழையும்முன்

தமிழில் எழுதிய கட்டளையைக் கணினி ஏற்றுச் செயல்படுமா? செயல்படும் என்பதற்கு ‘எழில்’ போன்ற நிரல்மொழிகள் சான்று. புதிதாக ஒரு நிரல்மொழியை ஆக்க விரும்புவோர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த திறந்தமூல நிரல் நூலகங்கள் பல உள்ளன. அவற்றுள் எது தமிழுக்குப் பொருந்தும் என்று ஆய்ந்து தெளியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அலகிடுதலும் நிரலை அறிதலும்

செய்யுளைப் படிக்கும் மாணவர் எழுத்தை அசையாகவும், அசையைச் சீராகவும், சீரை அடியாகவும் கண்டு அலகிடுகின்றனர். வரிமொழிமாற்றி என்னும் மென்பொருளும் இவ்வாறே இயங்குகிறது. அது முதலில் நிரலிலுள்ள எழுத்துகளைச் சேர்த்துச் சொற்களாகப் பிரிக்கிறது. இச்சொற்கள் ‘வில்லைகள்’ எனப்படும். அடுத்து, வில்லைகளின் உறவைத் தொடரியல் விதிப்படி ஒரு மரவடிவில் அமைக்கிறது. இறுதியாக, அம்மரத்தின் கிளைதோறும் சென்று கட்டளைகளை நிறைவேற்றுகிறது. எழுத்தில் பிழை நேர்ந்தால் அசை பிழைபடும். அசை பிழைபட்டால் சீரும் கெடும். அதுபோல, வில்லை பிரிப்பதில் நேரும் தவறு பின்வரும் இரண்டு படிகளையும் கெடுத்துவிடும்.

எழில் காட்டிய வழி

முத்தையா அண்ணாமலை 2007ஆம் ஆண்டில் எழில் மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. எழிலின் வரிமொழிமாற்றி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் இசைவளிக்கும் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அம்மொழியில் அமைந்த ஒரு சிறு நிரல் வருமாறு:

நீர்மட்டம் = 40
@( நீர்மட்டம் > 35 ) ஆனால்
    பதிப்பி "கரையோர மக்கள் கவனம்"
இல்லை
    பதிப்பி "அச்சம் வேண்டா"
முடி

இங்குள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் வருவதைக் காண்க. ஆங்கிலவழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் நிற்கும். எழிலோ, ‘மழை பெய்தால்’ என்பதில் நிபந்தனை ஈற்றில் நிற்கும் தமிழ்த் தொடரமைப்பைப் பின்பற்றுகிறது. எனவே, தமிழ் நிரல்மொழி என்பது ஆங்கிலச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்புவது மட்டுமன்று.

முதல் சோதனை: எழுத்து சிதையாமை

ஒரு நூலகத்தைத் தேர்வதற்கு முன் அதனிடம் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த ‘வடக்கனந்தல்’ என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். மாணவர் எண்ணினால் இதில் எட்டு எழுத்துகள். பைத்தானின் நீளம் அறியும் செயற்கூறோ பதினொன்று என விடை தரும். ஒருங்குறியில் க் என்பது ககரமும் புள்ளியுமாக இரு குறிகளாய்ச் சேமிக்கப்படுவதே காரணம். க், ந், ல் ஆகிய மூன்று மெய்களின் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

எண்ணிக்கை வேறுபடுவதால் மட்டும் நிரல் நின்றுவிடாது. சொல் உடைவதே பெரும் இடர். பைத்தானுடன் இணைந்து வரும் சுருங்குறித்தொடர்க் கூறு, சொல்லுக்குரிய குறிகளைத் தேடும்போது புள்ளியையும் துணைக்கால் முதலிய உயிர்க்குறிகளையும் எழுத்தாக ஏற்பதில்லை. ஆதலால் அது வடக்கனந்தலை ‘வடக’, ‘கனந’, ‘தல’ என மூன்று துண்டுகளாக்கிவிடும். ஒரு மாறிக்கு இப்பெயரிட்ட மாணவர் தாம் செய்யாத பிழைக்காகத் திருத்தப்படுவார். ஒற்றுக்குத் தனி அலகு இல்லை. ஆயினும் அதனை நீக்கிவிட்டு அசை பிரிக்க இயலாது. யாப்பு உணர்த்தும் இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

இரண்டாவது சோதனைக்குக் ‘கோமுகி’ என்னும் ஆற்றின் பெயர் உதவும். இதிலுள்ள ஓகாரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக்குறி, துணைக்கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. இவ்விரு வடிவங்களையும் முன்னதாகவே ஒருமைப்படுத்தாத வரிமொழிமாற்றி, ஒரு மாறியை இரண்டெனக் கொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

‘ஓப்பன் தமிழ்’ என்பது பைத்தானுக்கான திறந்தமூல நிரல் நூலகம். ஒருங்குறிக் குறிகளைத் தமிழ் எழுத்துகளாகத் தொகுத்துத் தரும் செயற்கூறு இதில் உள்ளது. இதன்வழி எண்ணினால் வடக்கனந்தல் எட்டு எழுத்துகளாகவே அமையும்.

நூலகங்களை ஒப்பிடுதல்

பைத்தானில் வரிமொழிமாற்றி எழுத முற்படுவோர்முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது ‘பிளை’. டேவிட் பீசுலி 2001இல் உருவாக்கிய இது, பெல் ஆய்வகத்தில் 1970களில் தோன்றிய லெக்சு, யாக் என்னும் கருவிகளின் வழிவந்தது, அளவிற் சிறியது, கற்பிப்பதற்கு ஏற்றது. இரண்டாவது ‘லார்க்’. தொடரியல் விதிகளைத் தனியே எழுதிக் கொடுத்தால் மரத்தைத் தானே அமைத்துத் தரும். ஒவ்வொரு வில்லையும் எந்த வரியில், எந்த இடத்தில் உள்ளது என்பதையும் குறித்துவைக்கும். பைத்தானின் இயல்பான சுருங்குறித்தொடருக்கு மாற்றாக, ஒருங்குறியை நன்கு அறிந்த வேறொரு கூறினைப் பயன்படுத்தும் வாய்ப்பையும் இது தருகிறது. தமிழுக்கு இவ்வாய்ப்பு இன்றியமையாதது. மூன்றாவது, நூலகமின்றிக் கையால் எழுதுதல். எழில் மேற்கொண்டது இவ்வழியே. உழைப்பு மிகும், ஆயினும் ஒவ்வொரு படியும் எழுதுவோரின் கைக்குள் இருக்கும்.

இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு எழுத்துச் சோதனையுடன் மேலும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பிழை நேர்ந்த இடத்தைச் சுட்டித் தமிழில் விளக்கம் தர நூலகம் இடமளிக்கிறதா? அதன் உரிமம் திருத்தவும் பகிரவும் இசைகிறதா? அதனை இன்றும் பேணுவோர் உளரா? பிழைச்செய்தி புரியாத மாணவர் நிரலைக் கைவிடக்கூடும்; ஆதலால் முதல் வினாவே கற்போர்க்கு முதன்மையானது. உரிமம் குறித்த வினாவும் சிறிதன்று. புள்ளியை உதறும் நூலகத்தை அதன் ஆசிரியர் திருத்தாவிடினும், மூலநிரல் திறந்திருந்தால் தமிழறிந்த எவரும் திருத்திக்கொள்ளலாம்.

சில கட்டளைகள் மட்டுமே கொண்ட எளிய மொழிக்குக் கையால் எழுதுவதே தெளிவு தரும். விதிகள் பெருகும் மொழிக்கு, எழுத்துச் சோதனையில் தேறிய நூலகம் காலத்தை மிச்சப்படுத்தும். புகழோ பயன்படுத்துவோர் தொகையோ தேர்வுக்கு அளவுகோல் ஆகா. எழுதியவர் கருதிய சொல் கணினியிடம் முழுமையாகச் சென்று சேர்கிறதா என்பதே அளவுகோல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை ஒருங்குறிக் குறிகள் உள்ளன எனக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. அலகிடுதலுக்கும் வில்லை பிரித்தலுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ‘முடி’ என்னும் சொல்லை விட்டுவிட்ட மாணவருக்குக் கணினி கூற வேண்டிய பிழைச்செய்தியைத் தெளிவான தமிழில் எழுதுக.