கிணற்று நீரும் காணா நுண்ணுயிரும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் பேறு குமரி மாவட்டத்திற்கு உண்டு. இங்குப் பல ஊர்களில் வீட்டு முற்றத்திலேயே கிணறு அமைந்திருக்கக் காண்கிறோம். அதே மனையின் மறுகோடியில் கழிவுக்குழியும் இருக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்பொழுது இடைப்பட்ட மண் முழுக்காவலாக அமைவதில்லை. தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று. இவ்வுண்மையை மாணவர் தம் கண்ணாலேயே காணச் செய்யப் பள்ளி ஆய்வகத்தால் இயலும். அதனைத் தீங்கின்றிச் செய்யும் முறையை ஈண்டு நோக்குவோம்.

செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். மக்கள் குளித்தும் குடித்தும் வந்த குளத்து நீரிலும் அதனைக் கண்டார். நுண்ணுயிரைத் தனித்துப் பிரிக்கத் திண்மையான வளர்தளம் தேவை. முதலில் பயன்பட்ட ஜெலட்டின் வெயிற்காலத்தில் உருகிவிடும். நம் ஊரில் அஃது உறையவே உறையாது எனலாம். பாசியிலிருந்து எடுக்கப்படும் அகாரைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை வழங்கியவர் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் பெண்மணியார். 1887-இல் பெட்ரி என்பார் மூடியுடன் கூடிய தட்டினை அமைத்தார். அகார் தரும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் நம் மன்னார் வளைகுடாவிலேயே விளைகின்றன என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

ஒரு கிருமியைக் கண்ணால் காண இயலாது. அஃது ஒரே இடத்தில் பல இலட்சமாகப் பெருகிய பின்னரே புள்ளியாகத் தோன்றும். பயனும் இடரும் இப்பெருக்கத்திலேயே உள்ளன. காற்றில் ஒன்றிரண்டாக இருக்கையில் தீங்கு செய்யாதது, தட்டில் பெருகியபின் தீங்கு செய்தல் கூடும். ஆதலின் சில நெறிகள் இன்றியமையாதன.

எச்சில், புண், கழிப்பிடம் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்தல் கூடாது. ஆசிரியர் தேர்ந்த தீங்கற்ற வகைகளையே வளர்த்தல் வேண்டும். உடல் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் வைத்தல் கூடாது. மனித உடலைப் பற்றும் கிருமிகளுக்கு அதுவே உகந்தது. நம் ஊரின் அறை வெப்பமே போதும். தட்டின் மூடியை இரண்டு மூன்று இடங்களில் நாடாவால் ஒட்டுக. காற்றுப் புகாதவாறு முழுதும் அடைத்துவிடின், காற்றில்லா நிலையில் வளரும் தீய வகைகள் தலையெடுக்கக்கூடும். ஒட்டிய தட்டை மீண்டும் திறத்தலாகாது. ஆய்வகத்தில் உண்ணுதலும் வாயால் நீர்மத்தை உறிஞ்சுதலும் அறவே விலக்கத்தக்கன.

கிணற்று நீரில் இருப்பது இன்னதென முன்னரே அறிய இயலாது. ஆகவே அதனைத் தட்டில் பரப்பாமல் மூடிய குப்பியில் சோதிப்பதே தக்கது. குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சார்ந்த மஞ்சா முதலிய அறிஞர்கள் 1982-இல் இத்தகைய எளிய முறை ஒன்றை வெளியிட்டனர். தூய்மையாக்கப்பட்ட குப்பியில், ஊட்டப்பொருளும் இரும்பு உப்பும் தோய்த்து உலர்த்திய தாள் இருக்கும். அதில் 20 மில்லிலிட்டர் நீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும். மலக்கழிவோடு தொடர்புடைய பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குவன. அவ்வாயு இரும்போடு கூடிக் கரிய இரும்பு சல்ஃபைடாக மாறும். ஓரிரு நாளில் நீர் கறுத்தால் அஃது ஐயத்திற்குரியது. கொதிக்கவைத்து ஆற்றிய நீரை மற்றொரு குப்பியில் வைத்து ஒப்பிடுதல் நலம்.

கறுத்த குப்பி எச்சரிக்கையே அன்றித் தீர்ப்பு அன்று. அது நோயின் பெயரைச் சொல்லாது. கறுக்காத குப்பியும் முழு உறுதி தாராது. எனவே ஐயம் எழுந்தால் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மறுசோதனை செய்க. அண்டை வீட்டாரைப் பழிப்பதற்கு இச்சோதனையைக் கருவியாக்குதல் தகாது.

இறுதியாக ஒன்று. சோதனை முடிந்த குப்பியில் உள்ள உயிர்கள் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பன்மடங்காகும். அதனை அப்படியே சாக்கடையில் கொட்டுவது, தேடிய தீங்கை நாமே பெருக்கி ஊருக்கு அளிப்பதாகும். தட்டையும் குப்பியையும் திறவாமலே, கண்ணாடிக் குப்பியாயின் மூடியைச் சற்றே தளர்த்தி, ஆய்வகத்திற்கென ஒதுக்கிய பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில், 121 பாகை வெப்பத்தில் இருபது நிமிடம் வைத்த பின்னரே ஆசிரியர் அகற்றல் வேண்டும். பின் மேசையைத் துடைத்துக் கைகளைச் சோப்பினால் கழுவுக. வளர்க்கக் கற்பது பாடத்தின் பாதி. வளர்த்ததை முறையாக அழிக்கக் கற்பதே மறுபாதி.