நாவலில் இரு காலங்கள்: ‘புயலிலே ஒரு தோணி’

பாட நோக்கம்: போர்க்கால நாவலொன்றில் இரு காலங்கள் இணைந்து வரும் முறையை இனங்கண்டு விடை எழுதுதல்.

1. அறிமுகம்

மாணவர்களே, நாவலில் நிகழ்வுகள் நடந்த ஒழுங்கிலேயே சொல்லப்பட வேண்டும் என்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் கதையை நிறுத்திப் பழைய நிகழ்வைக் காட்டுவது பின்னோக்கு உத்தி எனப்படும். இவ்வுத்தி தொடர்ந்து வரும்போது வாசகர் இரு காலங்களை மாறி மாறிக் காண்கிறார். ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ இதற்கு நல்ல உதாரணம். சிங்காரம் (1920–1997) தமிழ்நாட்டின் சிங்கம்புணரியைச் சேர்ந்தவர். இளவயதில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குத் தொழில் தேடிச் சென்று, இரண்டாம் உலகப் போரை அங்கே நேரில் கண்டவர்.

2. இரு காலங்கள்

(அ) கதை நிகழும் காலம்: ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைகிறது. கதாநாயகன் பாண்டியன் கடல் கடந்து பினாங்கு செல்கிறான். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்தபின் இந்தோனேசிய விடுதலைப் போரில் ஈடுபடுகிறான்.

(ஆ) நினைவுக்காலம்: சின்னமங்கலம் என்னும் ஊர், மதுரைத் தெருக்கள், வீட்டார், இளமைப்பருவம்.

இப்போர் நமக்கும் அந்நியமானதன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. அக்கப்பலில் 300 பேருக்கு மேல் இறந்தனர். ஓட்டமாவடி இவ்விரு நகரங்களுக்கும் இடையிலேயே உள்ளது.

3. நயம்

போர் ஒருவனுடைய இடத்தையும் தொழிலையும் பறிக்கலாம். நினைவைப் பறிக்க முடியாது. பாண்டியன் பல ஆபத்துகளிலிருந்து உயிர்தப்புகிறான். ஆயினும் ஈற்றில் ஊர் திரும்பாமல் அந்நிய மண்ணிலேயே இறக்கிறான். எனவே நினைவுக்காலம் வெறும் அலங்காரமன்று. அவன் வீடு திரும்புவதற்கு இருந்த ஒரே வழி அதுவே.

4. மாதிரி வினாவும் விடையும்

வினா: இந்நாவலில் கடந்தகால நினைவுகள் எதற்காக இடம்பெறுகின்றன?

விடை: போர்க்களத்தில் தனித்து நிற்கும் பாண்டியனின் குடும்பப் பிணைப்பை அவை காட்டுகின்றன. நிகழ்காலத்தின் கொடுமையும் கடந்தகாலத்தின் அமைதியும் அருகருகே வருவதால் போரினால் ஏற்பட்ட இழப்பின் அளவு வாசகருக்குப் புலப்படுகிறது.

கவனிக்க: கதையை மாத்திரம் சுருக்கி எழுதுவது நயத்தல் ஆகாது. “இந்நினைவு ஏன் இந்த இடத்தில் வருகிறது?” என்று கேட்டு, அதற்கான பதிலை எழுதுங்கள்.

5. பயிற்சி

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் புகையிரதமும் ஏனைய வாகனங்களும் ஒரே பாதையில் சென்றன. இன்று வாகனங்கள் 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தால் செல்கின்றன. உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், போர்க்காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்த அனுபவத்தைக் கேட்டறியுங்கள். பாலத்தை இணைப்பாகக் கொண்டு, அன்றும் இன்றும் மாறி மாறி வருமாறு 150 சொற்களில் எழுதுங்கள். அவர் சொல்லத் தயங்குபவற்றை வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.